பழைய எச்61 கணினிக்கு எந்த மதர்போர்ட் பொருந்தும்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு சுன்னாகத்தில். 2012 இல் யாழ்ப்பாணத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கணினி. உள்ளே ஐ3-2120 புரொசசர், எச்61 மதர்போர்ட், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மொனிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை வாய் மட்டும். தங்கை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறா. சூம் வகுப்பையும் பைதனையும் ஒன்றாகத் திறந்தால் கணினி உறைந்து நிற்கிறது. கடைக்காரர் எச்81 மதர்போர்ட் போடச் சொல்லியிருக்கிறார். கையில் அதிகம் காசில்லை, மற்றதெல்லாம் அப்படியே இருக்க மதர்போர்டை மட்டும் மாற்றலாமா, எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய பாகங்களில் எவை தப்பும், எவற்றுக்கு மறுபடி காசு போகும் என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

கனகாலமாக யாழ்ப்பாணத்தில் கணினி பொருத்துவதும் திருத்துவதும்தான் என் தொழில். நேரே சொன்னால், போர்ட் நல்லாக இருக்கும்போது எச்81 க்குப் போக வேண்டாம். ஒன்றில் இப்போதிருக்கும் எச்61 இலேயே நின்று எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்), ராம், புரொசசர் மூன்றையும் கூட்டுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்சக் காலம் காசு சேர்த்து டிடிஆர்3 க்கு அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்4 போடும் போர்ட் ஒன்றுக்கு ஒரேயடியாகப் போங்கள். நடுவில் போய் நின்றால் இரண்டு தரம் செலவு.

ஏன் என்று சொல்கிறேன். புரொசசர் எந்தத் தலைமுறையோ அதற்கேற்றதுதான் சொக்கெட் (போர்டில் புரொசசர் உட்காரும் இடம்), அதற்கேற்றதுதான் சிப்செட்டும் (போர்டின் மற்றப் பாகங்களைப் புரொசசரோடு இணைக்கும் சிப்) ராமும். போர்ட் கடைசியாக வருகிற தெரிவு. உங்கள் ஐ3-2120 இன்டெல்லின் 2ஆம் தலைமுறை, சொக்கெட் எல்ஜிஏ 1155. அதே சொக்கெட்டில் 3ஆம் தலைமுறையும் வந்தது. எச்61, பி75, எச்77, இசட்77 என்ற சிப்செட்டுகள் எல்லாம் இந்தக் குடும்பம்; போர்டை அதன் சிப்செட்டின் பெயரால்தான் அழைப்பது. 2013 இல் 4ஆம் தலைமுறை வந்தபோது சொக்கெட் 1150 ஆகிவிட்டது. எச்81, பி85 அந்தக் குடும்பம். இலக்கத்தில் ஐந்துதானே வித்தியாசம், அழுத்தினால் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். புரொசசரின் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளின் இடமே வேறு, அழுத்தினால் சொக்கெட்டில் இருக்கும் மெல்லிய பின்கள்தான் வளையும். ஆகவே எச்81 வாங்கினால் உங்கள் ஐ3 அங்கே உட்காராது, 4ஆம் தலைமுறைப் புரொசசர் ஒன்றும் வாங்க வேண்டும். கடைக்காரர் அதையும் சேர்த்து மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார், ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். எச்81 உம் டிடிஆர்3 என்பதால் உங்கள் ராம் அங்கே ஓடும், அதை அவர் லாபமாகக் கண்டிருக்கிறார்.

அந்த லாபம் எவ்வளவு? எச்61 இல் போடக்கூடிய ஐ5-3470 உம் எச்81 இல் போடும் ஐ5-4570 உம் இரண்டுமே நான்கு கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் அலகுகள் நான்கு. பிந்தியது கொஞ்சம் வேகம். எச்81 இல் டிஸ்க் பூட்டும் சாட்டா வாய்கள் இரண்டு 6 ஜிகாபிட், யுஎஸ்பி 3 உம் உண்டு. எச்61 இல் சாட்டா 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடும், யுஎஸ்பி 3 சிப்செட்டிலேயே கிடையாது. சில புதிய புரோகிராம்கள் கேட்கிற ஏவிஎக்ஸ்2 என்ற வசதியும் 4ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இவை எல்லாம் உண்மை. ஆனால் சூமுக்கும் பைதனுக்கும் உயர்தரப் பாடத்துக்கும் இவற்றில் ஒன்றும் பெரிய மாற்றம் தராது. எச்81 க்குப் போனாலும் ராம் டிடிஆர்3 தான், வின்டோஸ் 11 ஆதரிக்கிற புரொசசர்களின் பட்டியலுக்கு வெளியேதான். உங்கள் எச்61 செத்துப்போயிருந்தால் கதை வேறு. அப்போது எச்81 கேட்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உயிரோடு இருக்கிற போர்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே டிடிஆர்3 காலத்துக்குள் ஒரு படி ஏறுவதற்குத்தான் நான் சம்மதிக்கமாட்டேன்.

வின்டோஸ் விடயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 ஒக்டோபர் வரை வரும். வின்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் முறையாக ஆதரிப்பது, ஒன்றிரண்டு விதிவிலக்குகளை விட்டால், இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்து. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். உங்கள் கணினியில் குறுக்கு வழியால் வின்டோஸ் 11 ஏற்ற முடியும், ஓடவும் செய்யும். வாடிக்கையாளர் கேட்டால் நானும் ஏற்றிக் கொடுக்கிறேன், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் தானாக வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வின்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை. பைதன், லிப்ரேஒஃபிஸ், சூம், பிரவுசர் எல்லாம் அதில் உண்டு. தங்கைக்கு அது பாடத்துக்கும் உதவும்.

சரி, முதல் வழிக்கு வருவோம். எச்61 இலேயே நிற்பதென்றால் முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி காணும். எச்61 இன் சாட்டா வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 270 எம்பிக்கு மேல் போகாது, பெட்டியில் 500 க்கு மேல் போட்டிருந்தாலும். அதைப் பார்த்து மனம் சோராதீர்கள். ஹார்ட் டிஸ்கை மெதுவாக்குவது அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஓடுவதுதான், அந்த ஓட்டம் எஸ்எஸ்டியில் இல்லை. உங்கள் வீட்டில் நடக்கிற உறைதலில் பெரும்பகுதி 4 ஜிபி ராம் நிரம்பி, மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதப் போவதால் வருவது என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரிய டாஸ்க் மானேஜரைத் திறந்து சூம் ஓடும்போது பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 இல் நின்றால் நான் சொன்னதுதான். சிபியு மட்டும் 100 இல் நின்றால் புரொசசரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ராம் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. எச்61 இல் இரண்டு ஸ்லொட்டுகள், ஒவ்வொன்றிலும் 8 ஜிபியாக மொத்தம் 16 ஜிபி வரை போகும். உங்களுக்கு 8 ஜிபி காணும். ஆனால் சந்தையில் சில 8 ஜிபி டிடிஆர்3 ராம்கள் மற்றதைவிட ஆகவும் மலிவாகக் கிடைக்கும். வடிவாகப் பார்த்தால் லேபலிலோ பெட்டியிலோ ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று இருக்கும் (ஏஎம்டி இன்டெல்லின் போட்டி நிறுவனம்). அதில் இருக்கும் சிப்புகளின் அமைப்பை இன்டெல் போர்டுகள் ஏற்காது. போட்டால் திரை வராது, பீப் சத்தம்தான் வரும். ராமை வாங்கின கடையிலேயே உங்கள் போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேசிங்கைத் தூக்கிக்கொண்டு போக அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் கொண்டு போங்கள். மடிக்கணினி ராமும் கணினி ராமும் நீளத்தில் வேறு, அதில் குழப்பம் வராது. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் பெரும்பாலும் 1.5 வோல்ட் ஸ்லொட்டிலும் வேலை செய்யும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

புரொசசர்தான் கொஞ்சம் கவனம் வேண்டிய இடம். எச்61 இல் 2ஆம் தலைமுறை ஐ5-2400, ஐ7-2600 போன்றவை உங்கள் ஐ3 இருந்த இடத்தில் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்து வேலை செய்யும். 3ஆம் தலைமுறை ஐ5-3470, ஐ7-3770 இரண்டும் இன்னும் நல்லவை, சூடும் குறைவு. முந்தியவை 95 வாட், இவை 77 வாட். ஆனால் 3ஆம் தலைமுறைக்குப் பயோஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள், புதிதாக இருக்க வேண்டும். 2011 இல் வந்த போர்டுகள் பலவற்றில் பழைய பயோஸ் இருக்கும், அதில் ஐ5-3470 போட்டால் மின்விசிறி சுற்றும், திரை வராது. புரொசசர் பழுது என்று சண்டை பிடித்துத் திருப்பிக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். புரொசசரில் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆகவே போர்டின் பெயரைக் கண்டுபிடியுங்கள். வின்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டினால் பேஸ்போர்ட் புரொடக்ட் என்ற வரியில் இருக்கும். சிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமில் மெயின்போர்ட் பக்கத்தில் பயோஸ் பதிப்பும் திகதியும் சேர்ந்து தெரியும். பக்கத் தகட்டைக் கழற்றினால் போர்டிலேயே பெயர் அச்சிட்டிருக்கும், கிகாபைட் போர்டுகளில் மூலையில் ரிவிஷன் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தை விட்டுவிடாதீர்கள், ஒரே பெயரில் வெவ்வேறு ரிவிஷனுக்கு வெவ்வேறு பயோஸ். பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் போர்டுக்குரிய சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறவுங்கள். ஒவ்வொரு புரொசசருக்கும் நேரே எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று எழுதியிருக்கும். மதர்போர்ட் பொருந்துமா என்ற எந்தக் கேள்விக்கும் கடைசித் தீர்ப்பு அந்தப் பட்டியல்தான். கடைக்காரர் சொல்வதும் நான் இங்கே எழுதுவதும் அதற்குப் பிறகுதான்.

பயோஸ் ஏற்றுவதைப் பழைய ஐ3 உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். சில எச்61 போர்டுகளில் அது இரண்டு படியாக வரும், இடையில் ஒரு பதிப்பை ஏற்றிய பிறகுதான் கடைசிப் பதிப்பு ஏறும். கட்டாயம் யூபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் நின்றால் போர்ட் போய்விடும், சிப்பைக் கழற்றி வேறு கருவியில் எழுத வேண்டி வரும். இன்டெல் தன் பெயரிலேயே விற்ற பழைய போர்டுகளின் பயோஸ் கோப்புகளை இன்டெல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. உங்களுடையது அந்த வகை என்றால் இணையத்தில் எங்கோ கிடக்கிற கோப்பை நம்பி ஏற்றுவதைவிட ஐ5-2400 உடன் நிற்பது பாதுகாப்பு. அப்படி 95 வாட் புரொசசருக்குப் போனால் ஐ3 உடன் வந்த தட்டையான கூலர் காணாது, உயரமான கூலரும் புதிய தெர்மல் பேஸ்டும் வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் நம்முடைய அறைகள் இருக்கிற சூட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூன்றும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. எஸ்எஸ்டி, பிறகு ராம், தேவைப்பட்டால் மட்டும் புரொசசர். எஸ்எஸ்டியை நாளைக்குப் புதிய கணினி வாங்கினாலும் கழற்றிக் கொண்டு போகலாம்.

இரண்டாவது வழி டிடிஆர்4. இங்கே ராம், புரொசசர், போர்ட் மூன்றும் புதிதாக வேண்டும். டிடிஆர்3 க்கு 240 பின், டிடிஆர்4 க்கு 288, நடுவில் இருக்கும் வெட்டும் தள்ளி இருக்கிறது. பழைய ராமை எப்படியும் கொண்டுவர முடியாது. எந்தத் தலைமுறைக்குப் போவது என்பதில் என் கருத்து, 8 க்குக் கீழே போக வேண்டாம். எச்110 போர்டும் ஐ5-6500 உம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வின்டோஸ் 11 பட்டியலில் இல்லாததற்கு டிடிஆர்4 காசைக் கொட்டுவதாகிவிடும். அதோடு அங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. 6, 7 தலைமுறைகளுக்கும் 8, 9 தலைமுறைகளுக்கும் சொக்கெட் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. புரொசசர் இரண்டிலும் வடிவாக உட்காரும். ஆனால் எச்110, பி250 இல் 8ஆம் தலைமுறை வேலை செய்யாது. எச்310, பி360 இல் 6, 7 வேலை செய்யாது. பின்களின் வேலைப் பங்கீட்டை இன்டெல் மாற்றிவிட்டது. எச்110 ஐயும் ஐ3-8100 ஐயும் தனித்தனி இடத்தில் வாங்கிப் பொருத்தப் பார்த்து, எங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

எச்310 உம் ஐ3-8100 உம் பழையதாக நல்ல விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாம், நான்கு கோர். அதற்கு மேலே எல்ஜிஏ 1200: எச்410 அல்லது எச்510 போர்டும் ஐ3-10100 உம். நான்கு கோர், எட்டுத் திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை). தங்கைக்கு இது பல வருடங்களுக்குக் காணும். சாதாரண எச்410 11ஆம் தலைமுறையை ஏற்காது, பெயருக்குப் பின்னால் வி2 என்று வரும் சில போர்டுகள் ஏற்கும், எச்510 ஏற்கும். புதிதாகவே வாங்குவதென்றால் எச்610 உம் ஐ3-12100 உம். எச்610 இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரில் ஓரெழுத்துத்தான் வித்தியாசமாக இருக்கும். பில் போட முன் பெட்டியில் வாசித்துப் பாருங்கள். 2025 இன் கடைசியில் ராம் விலை உலகம் முழுவதும் ஏறிய பிறகு இந்தத் தெரிவுக்குக் கனதி கூடிவிட்டது. போர்ட் மலிவு, ராம் யானை விலை என்று ஆகிவிடலாம். மூன்றையும் கூட்டித்தான் விலை கேட்க வேண்டும், போர்டை மட்டும் அல்ல.

ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சொக்கெட் நீண்ட காலம் ஓடியது, அதனால் பழைய சாமான் நிறையக் கிடைக்கும். பி450 போர்ட் ஒன்று கிடைத்தால் ரைசன் 3 3200ஜி இலும் தொடங்கலாம், பிறகு 5600ஜி க்கும் போகலாம், பயோஸ் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஏ520, பி550 இரண்டும் புதியவை என்று ஆசைப்பட்டு அதில் 3200ஜி போடாதீர்கள், பட்டியலில் அது இல்லை. இன்னொன்று: இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால், ஏஎம்4 ரைசனில் ஜி இல்லாவிட்டால், புரொசசரில் படம் காட்டும் பகுதி கிடையாது. கிராஃபிக்ஸ் கார்ட் வாங்காமல் திரை வராது. ஐ3-12100எஃப் மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் மொனிட்டர் விஜிஏ என்பதால் போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்310, எச்410, எச்610 போன்ற மலிவுப் போர்டுகள் பலவற்றில் விஜிஏ இன்னும் இருக்கிறது. இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ இலிருந்து விஜிஏ ஆக்கும் சின்ன மாற்றி போதும், உள்ளே சிப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் வயர் மாதிரி விற்பது வேலை செய்யாது.

கேசிங் தப்பும். உங்களுடையது சாதாரண ஏடிஎக்ஸ் கேசிங் என்றால் 244 மில்லிமீற்றர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்ட் எதுவும் உள்ளே போகும், ஆணித் துளைகள் பொதுவானவை. ஆனால் பழைய போர்டைக் கழற்றிய பிறகு தகட்டில் நிற்கிற பித்தளைக் கால்களை ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் அது போர்டின் அடிப்பகுதியைத் தொட்டு ஷோர்ட் ஆக்கும். கழற்றி எடுத்துவிடுங்கள். பின்பக்கத் தகடு போர்டோடு வர வேண்டும், பழைய போர்ட் வாங்கினாலும் கேட்டு வாங்குங்கள். அந்த ஓட்டையைத் திறந்து விட்டால் பல்லி குடியேறும். பவர் பகுதியில் பல்லி கருகிச் செத்த கணினி எங்களுக்கு மழைக்காலத்தில் புதினம் இல்லை.

பவர் சப்ளைதான் எனக்குச் சந்தேகம். கேசிங்கோடு சேர்ந்து வந்ததென்றால் லேபலில் 450 வாட் என்று இருக்கும், அதை நம்ப வேண்டாம். அதே லேபலில் 12 வோல்ட் வரியில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 14 அம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்க 168 வாட், உண்மையில் புரொசசருக்குப் போகக்கூடியது அந்த அளவுதான். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத ஐ3 கணினிக்கு அதுவும் காணும், ஆனால் 2012 இலிருந்து ஓடின பவர் சப்ளையின் கெப்பாசிற்றர்கள் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்ன உருளைகள்) இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று கழற்றாமல் யாரும் சொல்ல முடியாது. புதிய போர்டுகளில் புரொசசர் பவருக்கு 8 பின் வாய் இருக்கும், உங்களிடம் 4 பின் வயர்தான் இருக்கும். ஐ3 மட்டத்தில் 4 பின்னைச் சரியான பக்கத்தில் பூட்டினால் பெரும்பாலான போர்டுகள் ஓடும். எல்லாம் ஓடும் என்று சொல்லமாட்டேன், போர்டின் கைநூலைப் பார்க்க வேண்டும். முதல் வழிக்குப் பழைய சப்ளையோடு போகலாம். டிடிஆர்4 க்குப் போகிறவர்கள் அதையும் மாற்றிவிடுவது நல்லது. புதிய போர்டை எரிக்கிறது பெரும்பாலும் பழைய சப்ளைதான்.

இதுவரை எழுதியது எல்லாம் பாகமாகப் பொருத்திய கணினிக்கு. உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர் தன்னுடைய டெல் ஒப்டிபிளெக்ஸுக்கும் இதே மாதிரி செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில், வேண்டாம். டெல், எச்பி, லெனோவோ அலுவலகக் கணினிகள் பலவற்றில் பவர் வயர் வழமையான 24 பின் அல்ல, ஒன்றில் 8, ஒன்றில் 6, ஒன்றில் 14 என்று ஒவ்வொரு வகை; முன்பக்க சுவிட்ச் வயரும் தனி வடிவம். சந்தைப் போர்ட் அந்தக் கேசிங்குக்குள் லேசில் போகாது. அவற்றில் எஸ்எஸ்டியும் ராமும் கூட்டலாம், அதோடு நிறுத்திவிட வேண்டும். மறுபக்கம், உங்களுக்கே இது ஒரு மூன்றாவது வழி. வெளிநாட்டில் அலுவலகங்கள் கழித்துவிட்ட 8ஆம் தலைமுறை ஒப்டிபிளெக்ஸ் 3060 மாதிரி முழுக் கணினி ஒன்று ஐ5-8500 உடன் கிடைத்தால், பாகங்களைக் கூட்டிய தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல தடவை முழுக் கணினி மலிவாக நிற்கும், வின்டோஸ் உரிமமும் பெரும்பாலும் பயோஸுக்குள்ளேயே இருக்கும்.

பழைய போர்ட் வாங்கினால் புரொசசரைப் போட விடமுன் சொக்கெட்டை நீங்களே பாருங்கள். போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து, மெதுவாகப் பக்கம் மாற்றுங்கள். பின் வரிசைகள் ஒரே மாதிரி மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் மின்னாமல் கறுப்பாக நின்றால் அது வளைந்த பின். கெப்பாசிற்றர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. பட்டரி இருக்கும் இடத்தையும் யுஎஸ்பி வாய்களையும் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்த போர்டுகளில் அங்கேதான் முதலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். பிறகு இரண்டு ராம் ஸ்லொட்டையும் மாறி மாறிப் போட்டு, எல்லா யுஎஸ்பியையும், முக்கியமாக லான் வாயையும் சோதியுங்கள். ஐப்பசி கார்த்திகை மின்னலில் முதலில் போவது அந்த லான் சிப்தான், விற்கிறவர் வைஃபை டொங்கிளோடு ஓட்டிக் காட்டினால் தெரியாது.

எச்61, எச்81 இல் புதிய போர்ட் என்று கண்ணாடித் தாளில் சுற்றி வருபவை சின்னச் சீனத் தயாரிப்புகள். பலவற்றில் சிப்செட் பழைய போர்டிலிருந்து கழற்றி ஒட்டியது. சில வருடக்கணக்கில் ஓடுகின்றன, சில மாதத்தில் நிற்கின்றன, பார்த்து வித்தியாசம் சொல்ல முடிவதில்லை. அவற்றுக்குப் பயோஸ் அப்டேட் தேடிப் பிடிப்பதும் கடினம். நல்ல நிலையில் உள்ள, பெயர் தெரிந்த பழைய போர்டையே நான் விரும்புவேன்.

கொழும்பு யூனிட்டி பிளாசாவில் விலை குறைவு என்று யாராவது சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பொருந்தாவிட்டால் பஸ் ஏறி மாற்றப் போகிற செலவையும் சேர்த்துப் பாருங்கள். கஸ்தூரியார் வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ வாங்கினால் அடுத்த நாளே கொண்டு போய் நிற்கலாம். பில்லில் போர்டின் முழுப் பெயரை எழுதச் சொல்லுங்கள், உத்தரவாத வரிகளையும் வாசியுங்கள். எரிந்த அடையாளம், துரு, மின்னல் சேதம் மூன்றுக்கும் உத்தரவாதம் இல்லை என்றுதான் வழமையாக இருக்கும்.

கடைசியாக, போர்டை மாற்றத் தீர்மானித்தால் மாற்ற முன் தங்கையின் கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். கணினியோடு வந்த ஓஈஎம் வின்டோஸ் உரிமம் போர்டோடு கட்டியது, போர்ட் போனால் அதுவும் போகும். தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் என்றால் கொண்டுபோகலாம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஒருக்கால் பாருங்கள். நீலத்தில் குட் என்று வந்தால் இரண்டாவது டிஸ்காக வைத்துப் படம், பாட்டு போடலாம். மஞ்சள் வந்தால் அதில் முக்கியமான ஒன்றையும் வைக்க வேண்டாம். போர்டின் பெயரையும் ரிவிஷனையும் இப்போதுள்ள பயோஸ் திகதியையும் கீழே எழுதுங்கள், 3ஆம் தலைமுறை போகுமா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.